பார்வோனின் தடி பட்ட கால்

கதவைச் சாத்திடுங்கம்மா. தாழ்ப்பாளையும் போட்டுடுங்க. வாசல்ல கல்லுடைக்கிற ஆளுங்க உட்கார்ந்திருக்காங்களே, அவங்களைக் கொஞ்சம் தள்ளி அந்த நிழல்ல போய் உட்காரச் சொல்ல முடியுமா? எனக்கு முன்னாடி வந்தவங்கதான், தெரியும். கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும். நான் பேசறது மட்டும் அவங்க காதுல விழக்கூடாது.

என்ன நோய்னு கேக்கறீங்க. ஒண்ணும் இல்லைங்கம்மா. எனக்கு ஒரு நோயும் இல்லை. அதைச் சொல்லத்தான் ஆத்துல தண்ணிக்கு எதிரா படகுல பாய் கட்டி, தண்ணி பாறையில மோதி உடையற இந்தக் கடைசி ஊர் வரைக்கும் வந்திருக்கேன். சிரிக்காதீங்க. நல்லா இருக்கிறவன் எதுக்கு வைத்தியரம்மா வீட்டுக்கு வந்தான்னு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?

மூக்கைச் சுளிக்கிறீங்களே, அது தைல வாசனை. கொஞ்சம் கூடப் பூசிட்டேன். அவ்வளவுதான்.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். பேர் இப்போ வேண்டாம், வேலையைச் சொல்றேன். வடக்கே வெள்ளை மதில் நகரத்துல, அரண்மனையில, ராஜாவோட செருப்பைத் தூக்கிட்டு முன்னாடி நடக்கிறவன். செருப்பு தூக்கின்னு உங்க ஊர்ல என்ன நினைப்பீங்களோ, எங்க ஊர்ல மந்திரிமாரே எனக்கு வழி விடுவாங்க. ராஜா கோயிலுக்குள்ள வெறுங்காலோட போவார். திரும்பி வர்ற வரைக்கும் அந்தச் செருப்பு தரையில படக்கூடாது. அதோட அடியில எதிரி ராஜாக்களை வரைஞ்சிருப்பாங்க, அவர் நடக்க நடக்க அவங்க மிதிபடணும்னு. அந்த எதிரிங்களை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நான் நிப்பேன். என் அப்பா நின்னார், அப்புறம் நான் நின்னேன். ஒரு நாள் ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்.

நீங்க அவரைப் பார்த்ததில்லை, இல்லையா? இவ்வளவு தெற்கே எங்க வரப்போறார். உங்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். அவர் முன்னாடி எல்லாரும் குப்புற விழுந்து மண்ணை முத்தமிடணும். ஒரு மந்திரிக்கு மட்டும், அவர் ராஜாவுக்கு மாப்பிள்ளை வேற, மண்ணுக்குப் பதிலா பாதத்தையே முத்தமிடலாம்னு அனுமதி கிடைச்சது. அன்னிக்கு அந்த மந்திரி வீட்டுல மாடு அடிச்சு ஊருக்கே விருந்து வச்சாங்க.

அதைவிடப் பெருசு அவர் வாய். அவர் ஒண்ணைச் சொன்னா அது ஆகும். நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும்ங்கிற பேச்சே இல்லை. வெள்ளமே வான்னு சொல்லுவார், நைல் வரும். ஒரு வருஷம் வரலைதான். வயல் காஞ்சுது, ஜனங்க செத்தாங்க. அந்த வருஷம் அவர் சொல்லலைன்னு அர்த்தம். சொல்லியிருந்தா வந்திருக்கும். இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?

சரி, நடந்ததுக்கு வர்றேன். மெதுவாத்தான் பேசறேன், நீங்களும் மெதுவாப் பேசுங்க.

சாமிப் படகுத் திருவிழா. ராஜா படகுல ஏறணும். கரையிலிருந்து படகுக்குப் பலகை போட்டிருந்தாங்க, அதுல தண்ணி ஊத்திக் கழுவியும் விட்டிருந்தாங்க. நான் பலகையோட ஓரத்துல செருப்போட நிக்கிறேன். அவர் ஏறி வர்றார். கையில அவரோட தடி. கருங்காலி மரம், நுனியில செம்புப் பூண். அவருக்கு வயசு... வயசைப் பத்தி நாங்க பேசறதில்லை. நடுப்பலகைக்கு வந்தப்போ கால் வழுக்கி... இல்லை, நான் அப்படிச் சொல்லலை. ராஜாவுக்கு வழுக்காது. பலகைதான் நகர்ந்துச்சு. தடி விசுக்குன்னு முன்னாடி வந்துச்சு. பூண் நேரா என் கணைக்கால் எலும்புல இறங்கிருச்சு.

அம்மா, உங்களுக்குத் தெரியுமில்லையா, அவர் தடியையோ கிரீடத்தையோ அனுமதி இல்லாமத் தொட்டா என்ன ஆகும்னு? தீயைத் தொட்ட மாதிரி. தொட்டவன் அங்கேயே சாவான். யாரும் கொல்ல வேண்டியதில்லை, அந்தத் தடியில இருக்கிற சக்தியே கொன்னுடும்னு சொல்லுவாங்க. ஆனாலும் பக்கத்துல ரெண்டு காவல்காரங்க கோடாலியோட நிப்பாங்க, ஒத்தாசைக்கு.

மேளம் நின்னுபோச்சு. பாட்டுக்காரிங்க வாயைத் திறந்தபடியே நின்னுட்டாங்க. கரையில அத்தனை ஜனமும் முகத்தை மண்ணுல புதைச்சுக்கிச்சு, பார்த்தோம்னு ஆகிடக்கூடாதேன்னு. வலிச்சுதான்னு கேக்காதீங்க, வலியை நினைக்க அப்போ எங்க நேரம்? என் பெண்டாட்டி நூபெத் மூஞ்சிதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. காலையில அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா, போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூட இல்லை.

கோடாலிக்காரன் ஒரு அடி எடுத்து வச்சான். அப்போதான் ராஜா பேசினார். பேசினார்மா, என்னைப் பார்த்து. அத்தனை வருஷமா அவர் முன்னாடி நடந்திருக்கேன், என் முதுகைத்தான் பார்த்திருப்பார். அன்னிக்கு முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவனுக்கு ஒண்ணும் ஆகலை. இவன் நல்லா இருக்கான்."

அவ்வளவுதான். ஏழை உசிரு தப்பிச்சுது. நான் அழுதுட்டேன். எந்த ராஜா சொல்லுவார்? ஒரு செருப்பு தூக்கிக்காக வாயைத் திறந்து ஒரு சொல்லைச் செலவழிப்பாரா? மறுநாளே ஊர் ஊரா தண்டோரா போட்டாங்க, ராஜாவோட தடி பட்டும் ஒருத்தன் நல்லா இருக்கான், ராஜா சொன்னார், நல்லா இருக்கான்னு. உங்க ஊருக்குக்கூட வந்திருக்கும். வந்துச்சா? பார்த்தீங்களா. அந்த ஆள் நான்தான்.

ரத்தம் வந்துச்சான்னு கேக்கறீங்க. அதைத்தான் கேக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்தப்போ கால்ல என்னமோ ஈரமா இருந்துச்சு. பலகையில தண்ணி ஊத்தியிருந்தாங்கன்னு சொன்னேனே. நூபெத் பார்த்தா. பானையில தண்ணி கொண்டு வந்து, "சேறா இருக்கு, கழுவி விடறேன்"னா. துணி செவப்பாச்சு. ஆத்துச் சேறு சில சமயம் செவப்பாத்தான் இருக்கும்னா. அப்புறம் தினமும் கழுவினா. தினமும் சேறு.

எனக்குக் கோவமெல்லாம் இந்தக் கால் மேலதான் அம்மா. இன்னொரு கால் இருக்கே, அது ஒழுங்காச் சொன்ன பேச்சைக் கேக்குது. இது மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது? ராஜா சொல்லிட்டார், காதுபட சொல்லிட்டார். ஊருக்கே கேட்டுச்சு, இந்தக் காலுக்குக் கேக்கலையா? வீங்குது. சூடாகுது. தொடை இடுக்குல நெறி கட்டுது. சோறு போட்டு வளர்த்த கால், நேரம் பார்த்து என்னைக் காட்டிக் கொடுக்குது.

அரண்மனை வைத்தியருங்களைப் பார்க்கலையான்னு கேப்பீங்க. அரண்மனையில வலது கண்ணுக்கு ஒருத்தர், இடது கண்ணுக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர், ராஜாவோட வயித்துக்கு மட்டும் தனியா ஒருத்தர். காலுக்கு ஜெஹுத்தின்னு ஒருத்தர். எனக்குப் பழைய சிநேகிதர், ஒண்ணா பீர் குடிச்சவங்க நாங்க. துணியை அவுத்துக் காட்டினேன். உங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு இல்லையா, நோயைப் பார்த்ததும் மூணுல ஒண்ணை வாய்விட்டுச் சொல்லணும். 'இதை நான் குணமாக்குவேன்', இல்லேன்னா 'இதோட நான் போராடுவேன்', இல்லேன்னா 'இதுக்கு மருந்தில்லை'. சொல்லாமக் கை வைக்கக்கூடாது. ஜெஹுத்தி அந்தக் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூணுல ஒண்ணும் சொல்லலை. "நல்ல கால்"னார். "கம்பீரமான கால்"னார். அப்புறம் எந்திரிச்சுப் போய்க் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினார். அதுக்கப்புறம் என்னை எங்க பார்த்தாலும் வேற பக்கம் திரும்பிக்குவார்.

நான் அவரைக் குத்தம் சொல்லலை. புண்ணுன்னு அவர் வாயால வந்தா, ராஜா சொன்னது என்ன ஆகும்?

இது போதாதுன்னு ஜனங்க வேற. தடி பட்டும் சாகாத காலாச்சே, தொட்டுக் கும்பிட வந்துட்டாங்க. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுங்க, நடக்காத பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்ற தாய்மாருங்க, வாசல்ல கூட்டம். தொட விடமாட்டேன்னு சொல்ல முடியுமா? ஏன்னு கேப்பாங்களே. ஒரு கிழவன் ரெண்டு கையாலயும் கெண்டைக்காலைப் பிடிச்சு நெத்தியில வச்சு அழுத்தினான் பாருங்க. நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. ராஜாவை நினைச்சு அழறான், என்ன பக்தின்னு கூட்டத்துல ஒருத்தி சொன்னா. அன்னிக்கு நிஜமாவே ஒரு பிள்ளை நடந்துச்சுன்னு வேற சொல்லிட்டாங்க, மறுநாள் கூட்டம் இன்னும் கூடிப்போச்சு.

நாயைப் பத்திச் சொன்னேனா? சொல்லலை. சொன்னாத்தான் என் பயம் உங்களுக்குப் புரியும். ராஜாவோட வேட்டை நாயைப் பாம்பு கடிச்சிருச்சு. ராஜா பார்த்துட்டு, "இது பிழைக்கும்"னார். பொழுது விடியறதுக்குள்ள நாய் செத்துப்போச்சு. நாய்க்காரன் என்ன பண்ணுவான் பாவம்? அதே நிறத்துல, அதே மாதிரி காது மடங்கின இன்னொரு நாயைக் கொண்டு வந்து கட்டிட்டான். ராஜா வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாய் பேசாமப் படுத்திருந்துச்சு, அதுக்கு அந்தப் பேர் தெரியாதே. ராஜா திரும்பிப் போயிட்டார். மறுநாள் நாய்க்காரனும் இல்லை, அவன் பெண்டாட்டி பிள்ளைங்களும் இல்லை, அவன் அப்பாவோட கல்லறையில இருந்த பேரைக்கூடச் செதுக்கி எடுத்துட்டாங்க. இப்போ அவன் பேரை நான் உங்களுக்குச் சொல்லணும்னு நினைச்சாலும் வாய் வராது.

எல்லாம் அந்த நாயால வந்தது. ராஜா பிழைக்கும்னு சொன்ன பிறகும் ஒரு நாய் சாகுதுன்னா அதுக்கு எவ்வளவு திமிர் இருக்கணும்?

அப்புறம்தான் ஒரு ஆளைப் பார்த்தேன். அரண்மனைப் பின்கட்டுல, சவரம் பண்ற இடத்துல. என் உயரம், என் தோள், எனக்கு இருக்கிற மாதிரியே முன்பல்லுல சந்து. மேலாளர் அவன் கையில ஒரு ஜோடி பழைய செருப்பைக் கொடுத்து நடக்கச் சொல்லிக்கிட்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் இடது தோளை இறக்கு"ங்கறார். நான் இடது தோளை இறக்கித்தான் நடப்பேன். எங்க அப்பாகிட்ட இருந்து வந்த பழக்கம். அவன் இறக்கினான். மேலாளர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் சட்டுன்னு திரும்பினான். நாய்க்காரன் பண்ணின தப்பு இவங்க பண்ண மாட்டாங்க, பேரைச் சொல்லிக் கொடுத்துட்டாங்க.

தூணுக்குப் பின்னாடி நின்னுட்டேன். யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். ராஜா என் பேர் உள்ளவன் நல்லா இருக்கான்னு சொல்லிட்டார். வெள்ளம் வந்ததும் மதிலைச் சுத்தி ராஜா ஊர்வலம். அதுல நான் நொண்டாம நடந்தா நான். நான் நொண்டினா என் இடத்துல அவன். எப்படியும் என் பேர் உள்ளவன் நல்லா இருப்பான். என் வீட்டுல இருப்பான், நூபெத் அவனுக்கு வெங்காயம் உரிப்பா. அவ மறுத்தா என்ன ஆகும்னு அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவகிட்ட சொன்னேன். கால் கழுவிக்கிட்டிருந்தவ கையை நிறுத்தினா. அப்போதான் முதல் தடவையா சேறுன்னு சொல்லலை. "தெற்கே கல்லு வெட்டுற ஊர்ல ஒரு வைத்தியரம்மா இருக்காங்களாம், பாறை விழுந்து நசுங்கின காலைக்கூடக் காப்பாத்துவாங்களாம். அரண்மனைக்குக் கல்லு எடுக்கப் படகு போகுது. போ"ன்னா. யாராவது கேட்டா நேர்த்திக்கடனுக்குப் போயிருக்கார்னு சொல்லிக்கிறேன்னா. வர்ற வழியில பார்த்தேன், தண்ணி பச்சை நிறமா மாற ஆரம்பிச்சிருச்சு. அதுக்குப் பின்னாடியே வெள்ளம் வந்துடும். அதுக்குள்ள நான் நேரா நடந்தாகணும். அதைத்தான் கேட்டு வந்திருக்கேன். வேற ஒண்ணும் வேண்டாம்.

இதோ, அவுக்கறேன். பின்னாடி தள்ளிக்காதீங்கம்மா. தைலம் போட்டும் இப்படி. மெதுவா, மெதுவா. ஆமா, அந்த இடம்தான். அழுத்துங்க, பரவாயில்லை, சத்தம் போட மாட்டேன். சத்தம் போடாம இருக்கப் பழகிட்டேன்.

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க.

'இதை நான் குணமாக்குவேன்.' அம்மா, நீங்க மூணாவதைச் சொல்லியிருந்தாக்கூட உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். யாராவது ஒருத்தர் வாய்விட்டு மூணுல ஒண்ணைச் சொல்லமாட்டாங்களான்னு ஏங்கிப் போயிருந்தேன். இல்லை, அழலை. அழறேன், சரி. எலும்பு கெடலைன்னா சொல்றீங்க? அழுகினதை மட்டும் வெட்டி எடுத்துட்டுத் தேன் வச்சுக் கட்டினா நடக்கலாமா? நேராவா? நூபெத்துக்கு இது தெரியணும். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க கத்தியைச் சுட வைங்க.

எதுக்குப் பேர்?

என் பேரா? இல்லையா? யாரால இந்தப் புண்ணு வந்துச்சோ அவங்க பேரா?

தெரியும்மா. எங்க ஊர் வைத்தியருங்களும் அப்படித்தான் பண்ணுவாங்க. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, புண்ணை உண்டாக்கினவன் பேரைச் சொல்லி, அவன் மேல மூணு தடவை துப்பி, 'என் உடம்பை விட்டு வெளியே போ, பகைவனே'ன்னு விரட்டணும். விரட்டலைன்னா வெட்டினது மறுபடியும் அழுகும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு எப்படி அது ஞாபகம் வராமப் போச்சு? வழி முழுக்க கால், கால்னே நினைச்சுக்கிட்டு வந்துட்டேன்.

கழுதைன்னு சொல்லிடுங்களேன். கழுதை உதைச்சுதுன்னு வச்சுக்கலாம். இல்லை, நீங்க சொல்றது சரி. தப்பான பேரைச் சொன்னா மந்திரம் கழுதையைத் தேடிக்கிட்டுப் போயிடும், புண்ணு அப்படியே இருக்கும். பலகை? பலகைக்குப் பேர் ஏது. தடின்னு சொன்னா? அவர் தடியும் அவரும் ஒண்ணுதான். தடி மேல துப்பினா அவர் மேல துப்பினது.

அம்மா, வேண்டாம். அந்தப் பேரைச் சொல்லாதீங்க. உங்களுக்கு அவர் அங்கே வடக்கே இருக்கார்னு நினைப்பு. அவர் சூரியனோட பிள்ளை. ஜன்னல் வழியா வெயில் விழுது பாருங்க, உங்க கை மேல விழுது. அவர் பேரைச் சொல்லி, பகைவனேன்னு சொல்லி, துப்பறதா? காலே வேண்டாம். ஜன்னலை மூடுங்க. நான் போறேன், படகு திரும்பறதுக்குள்ள போயிடறேன்.

எந்திரிக்க முடியலை. கையைக் கொடுங்க. இல்லை, இருங்க. இருங்கம்மா, ஒரு நிமிஷம்.

அவர் எனக்கு என்ன பண்ணினார்? அவர் பாட்டுக்குப் படகேற வந்தார். தடி போகிற வழியில கால் இருந்துச்சு. யாரு கால்? ஒரு சாண் தள்ளி நின்னிருந்தா தடி பலகையில ஊன்றியிருக்கும். யாரு தள்ளி நிக்காதவன்? இவ்வளவு நாளா இது எனக்குத் தோணலையே. அப்போ மந்திரம் தப்பாப் போகாது. கழுதையைத் தேடிப் போகாது. நேரா போக வேண்டியவன்கிட்டயே போகும். நான்தாம்மா இந்தப் புண்ணை உண்டாக்கினது.

அப்படிப் பார்க்காதீங்க. எனக்கும் தெரியும். விரட்டின பேர் திரும்பி வராது. நான் செத்து அந்தக் கரைக்குப் போனா, வாசல்ல பேரைக் கேப்பாங்க, எனக்குச் சொல்லப் பேர் இருக்காது, உள்ளே விடமாட்டாங்க. நாய்க்காரன் எங்க நிக்கிறானோ அங்கேதான் நானும் நிப்பேன். பரவாயில்லை. நூபெத் பிழைச்சுக்குவா. நான் நேரா நடப்பேன். ராஜா சொன்ன சொல் நிக்கும்.

என் பேர் செனெபி. செருப்பு தூக்குற ஹெத்தெபியோட மகன் செனெபி. சத்தமாச் சொல்லுங்க, பரவாயில்லை, இதை யாரு கேட்டாலும் பயமில்லை.

ஏம்மா கையை எடுத்துட்டீங்க? உங்களால முடியலையா? சரி, நானே துப்பிக்கறேன். நீங்க கத்தியை எடுங்க.